ஒரே வீடு, இரண்டு தொகுதி: செங்கல்பட்டின் பிரதிநிதித்துவ வரலாறு

ஒன்பதாம் வகுப்பில் தேர்தல் பற்றிய பாடத்தைத் தொடங்கும்போது மாணவர்களுக்கு ஒரு சிறிய வீட்டுப்பாடம் கொடுத்தேன். வீட்டில் இருக்கும் பெரியவர்கள் நாடாளுமன்றத் தேர்தலில் முதன்முதலாக வாக்களித்தது எந்தத் தொகுதியில் என்று கேட்டு எழுதி வரவேண்டும். அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். மறுநாள் திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்து நின்றாள்.

"டீச்சர், எங்க ஆயா செங்கல்பட்டு தொகுதிக்கு ஓட்டுப் போட்டாங்களாம். எங்கம்மா முதல்ல இருந்தே காஞ்சிபுரம்தான்னு சொல்றாங்க. ரெண்டு பேரும் ஒரே வீட்லதான் டீச்சர் இருக்காங்க. யார் சொல்றது சரி?"

இரண்டு பேர் சொல்வதும் சரிதான் என்றேன். அவள் விடவில்லை. "அப்போ எங்க ஆயாவோட ஆயா எந்தத் தொகுதி?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை. தேடிப் படித்துவிட்டு வந்து அடுத்த வாரம் சொன்னேன். அந்தத் தேடலில் கிடைத்தவற்றையே இங்கே பகிர்ந்துகொள்கிறேன். தேர்தல் பணிக்குச் சென்று வாக்குச்சாவடியில் உட்கார்ந்து பழகியவர்கள் நாம். ஆனால் அந்த வாக்குச்சாவடி எந்தக் கோட்டுக்குள் இருக்கிறது, அந்தக் கோட்டை யார், எப்போது வரைந்தார்கள் என்பதை நாம் அதிகம் யோசிப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று வந்த தாள்களில் ஒன்று வெற்றுத் தாளாக இருந்தது. அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

மாவட்டம் வேறு, தொகுதி வேறு

மாணவர்களுக்கு முதலில் வருகிற குழப்பம் இதுதான். 2019 நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது. அப்படியானால் செங்கல்பட்டு நாடாளுமன்றத் தொகுதி எங்கே என்று கேட்கிறார்கள். மாவட்டம் நிர்வாகத்துக்காக மாநில அரசு வகுப்பது. தொகுதி பிரதிநிதித்துவத்துக்காகத் தொகுதி மறுவரையறை ஆணையம் வகுப்பது. இரண்டின் எல்லைகளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். இங்கே ஏழு சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. சோழிங்கநல்லூர் தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதியில் சேர்கிறது. பல்லாவரமும் தாம்பரமும் ஸ்ரீபெரும்புதூரில் சேர்கின்றன. செங்கல்பட்டு, திருப்போரூர், செய்யூர், மதுராந்தகம் ஆகிய நான்கும் காஞ்சிபுரத்தில் சேர்கின்றன. மாமல்லபுரம் திருப்போரூர் சட்டமன்றத் தொகுதிக்குள் வருவதால், கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்தில் குடியிருப்பவரும் நாடாளுமன்றத்துக்குக் காஞ்சிபுரம் உறுப்பினரையே தேர்ந்தெடுக்கிறார். ஆக, ஒரே மாவட்டத்து மக்கள் மூன்று உறுப்பினர்களைத் தில்லிக்கு அனுப்புகிறார்கள். கரும்பலகையில் இதை வரைந்து காட்டினால் பிள்ளைகளுக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உத்திரமேரூர்க் குடம்

பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பது என்றதும் நாம் எல்லோரும் சொல்வது உத்திரமேரூரை. அந்த ஊரும் இன்று இதே காஞ்சிபுரம் நாடாளுமன்றத் தொகுதிக்குள்தான் இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அப்படித் தேர்வானவர்களிலிருந்து சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர் அமர்ந்தார்கள்.

விதிகள் கறாரானவை. வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது. கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழப்பார்கள். இதைப் படிக்கும்போது மாணவர்கள் வியப்படைகிறார்கள். வியக்கட்டும். ஆனால் அதே கல்வெட்டில் உள்ள மற்ற நிபந்தனைகளையும் நாம் வாசித்துக் காட்ட வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதக் கல்வி இருக்க வேண்டும். அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் சபை. அந்த ஊரின் வயலில் உழுதவர்களின் பெயரோ, பெண்களின் பெயரோ அந்தக் குடத்துக்குள் இறங்கவில்லை.

எனவே உத்திரமேரூரிலிருந்து இரண்டு பாடங்களை எடுக்கலாம். பொறுப்பில் இருப்பவர் கணக்குக் காட்ட வேண்டும் என்பது ஒன்று. குடம் எவ்வளவு நேர்மையாகக் குலுக்கப்பட்டாலும், யார் பெயர் உள்ளே இருக்கிறது என்பதே முதல் கேள்வி என்பது மற்றொன்று. அடுத்த ஆயிரம் ஆண்டு வரலாற்றைப் படிக்க இந்த இரண்டாவது பாடம்தான் நமக்குத் துணை.

வரி கட்டியவரின் வாக்கு

ஆங்கிலேயர் ஆட்சியில், 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1920இல் தேர்தல்கள் தொடங்கின. மத்திய சட்டசபைக்கு நம் பகுதி தனித்தொகுதியாக இல்லை. 'தென்னார்க்காடு மற்றும் செங்கல்பட்டு' என்ற பெயரில் இரண்டு மாவட்டங்களும் சேர்ந்து ஒரு தொகுதி. அதிலும் கிராமப்புறத்து முஸ்லிம் அல்லாதோருக்கு என்று பிரிக்கப்பட்ட தொகுதி. எல்லோரும் வாக்களிக்க முடியாது. நிலவரி, வருமான வரி போன்றவற்றைக் குறிப்பிட்ட அளவு செலுத்தியவர்களுக்கே வாக்கு. 1921இல் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. இந்தியாவிலேயே இதில் முந்திய மாகாணம் நம்முடையது. ஆனால் அதுவும் சொத்து உள்ள பெண்களுக்குத்தான். பெண்கள் பெயரில் சொத்து எத்தனை வீடுகளில் இருந்திருக்கும்?

சிலர் மட்டும் வாக்களித்தால் என்ன ஆகும் என்பதற்கு 1929ஆம் ஆண்டை விடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு பிப்ரவரி 17, 18 தேதிகளில் செங்கல்பட்டில் முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு நடந்தது. டபிள்யூ.பி.ஏ. சவுந்தர பாண்டியன் தலைமை வகித்தார். பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும், பெண்ணின் திருமண வயது 16க்கு மேல் இருக்க வேண்டும் என்று அங்கே தீர்மானங்கள் நிறைவேறின. அதே ஆண்டில் தில்லியில் குழந்தைத் திருமணத் தடைச் சட்ட மசோதா, அதாவது சாரதா மசோதா, விவாதத்துக்கு வந்தது. அது கேட்டது பெண்ணுக்கு 14 வயது மட்டுமே. அதைச் சாத்திரத்துக்கு விரோதம் என்று எதிர்த்தவர்களில் முன்வரிசையில் நின்றவர் எம்.கே. ஆச்சாரியா. அவர் எந்தத் தொகுதியின் உறுப்பினர்? தென்னார்க்காடு மற்றும் செங்கல்பட்டு.

ஒரே ஊரின் பெயரில் ஒரே ஆண்டில் இரண்டு குரல்கள். ஒன்று ஊரில் கூடிய மாநாட்டின் குரல். மற்றொன்று, வரி கட்டியவர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய உறுப்பினரின் குரல். சட்டம் நிறைவேறி 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம் யாருடைய வாழ்வைப் பற்றியதோ அந்தச் சிறுமிகளின் தாய்மார்களில் பெரும்பாலோருக்கு வாக்கே கிடையாது. இதைச் சொன்னபோது வகுப்பில் பெண் பிள்ளைகள் சற்று நேரம் பேசவில்லை.

கோழியாளத்திலிருந்து லண்டனுக்கு

"எல்லோருக்கும் ஓட்டு" என்பது தானாக வந்ததல்ல. அதைக் கேட்டுப் பெற்றவர்களில் ஒருவர் நம் மண்ணைச் சேர்ந்தவர். மதுராந்தகம் வட்டாரத்தில் உள்ள கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1923 முதல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் நியமன உறுப்பினராக இருந்தார். 1930, 1931 ஆண்டுகளில் லண்டனில் நடந்த வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கருடன் சேர்ந்து ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதியாகக் கலந்துகொண்டார். வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வேண்டும், சட்டமன்றங்களில் ஒடுக்கப்பட்டோருக்கு உரிய இடங்கள் வேண்டும் என்பவை அவர்கள் வைத்த கோரிக்கைகளில் முக்கியமானவை.

1932 செப்டம்பர் 24இல் புனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் கையொப்பமிட்டவர்களில் அவரும் ஒருவர். மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. சென்னை மாகாணத்துக்கு அதில் 30. இன்று காஞ்சிபுரம் நாடாளுமன்றத் தொகுதியும், அதற்குள் வரும் செய்யூர், மதுராந்தகம் சட்டமன்றத் தொகுதிகளும் பட்டியல் இனத்தவருக்கான தனித்தொகுதிகள். 'தனித்தொகுதி என்றால் அந்தச் சமூகத்தவர் மட்டும்தான் வாக்களிப்பார்களா?' என்று மாணவர்கள் கேட்பார்கள். இல்லை, எல்லோரும் வாக்களிப்பார்கள்; வேட்பாளர் மட்டும் பட்டியல் இனத்தவராக இருப்பார். இந்த ஏற்பாட்டின் வேர் புனா ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று சொல்லும்போது, கோழியாளத்தையும் வரைபடத்தில் காட்டிவிடுங்கள். பாடநூலில் உள்ள ஒரு பெயர் பக்கத்து ஊர்க்காரராக மாறுவது பிள்ளைகளுக்குப் பெரிய செய்தி.

1952: பெட்டிக்கு ஒரு சின்னம்

சுதந்திரத்துக்குப் பின் அரசியலமைப்பு 21 வயது நிரம்பிய அனைவருக்கும் வாக்குரிமை அளித்தது. நிலம், வரி, எழுத்தறிவு எதுவும் கேட்கவில்லை. 17 கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். அவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அதனால் 1952இல் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி வைத்தார்கள். வாக்காளர் சீட்டில் முத்திரை எதுவும் இட வேண்டாம். தமக்கு விருப்பமான பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். ஒரே சீட்டில் எல்லாச் சின்னங்களையும் அச்சிட்டு முத்திரை குத்தும் முறை, பொதுத்தேர்தலில் நாடு முழுவதும் வந்தது 1962இல்.

அந்தத் தேர்தலில் வட மாநிலங்களில் லட்சக்கணக்கான பெண்கள் தம் பெயரைச் சொல்லாமல், இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டுமே சொன்னார்கள். சொந்தப் பெயர் இல்லாமல் பட்டியலில் இடமில்லை என்று தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றதால் சுமார் 28 லட்சம் பெயர்கள் நீக்கப்பட்டன. வாக்காளர் பட்டியலில் ஒரு பெண்ணின் சொந்தப் பெயர் ஏறுவது அன்றைக்கு அவ்வளவு புதிய விஷயம்.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். அவளுடைய ஆயாவுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. அந்த ஆயாவின் ஆயா 1915ஐ ஒட்டிப் பிறந்திருக்க வேண்டும் என்று இருவரும் சேர்ந்து கணக்குப் போட்டோம். அவர் வயலில் கூலி வேலை செய்தவர் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். வரி கட்டாத அவருக்கு அதற்கு முந்தைய தேர்தல்களில் வாக்கு இருந்திருக்காது. முதல் வாய்ப்பு 1952இல், ஏறக்குறைய நாற்பது வயதை நெருங்கும்போதுதான் வந்திருக்கும்.

பதினான்கு தேர்தல்கள்

1952 முதல் 2004 வரை செங்கல்பட்டு என்ற பெயரில் நாடாளுமன்றத் தொகுதி இருந்தது. 14 பொதுத்தேர்தல்களைக் கண்டது. முதல் உறுப்பினர் காங்கிரசின் ஓ.வி. அளகேசன். அரசியல் நிர்ணய சபையிலும் இருந்தவர். மத்திய அரசில் ரயில்வே துணை அமைச்சரானார். 1956 நவம்பரில் அரியலூர் ரயில் விபத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். மறு ஆண்டுத் தேர்தல் மேடைகளில் அந்த விபத்து பெரிதும் பேசப்பட்டது. 1957இல் செங்கல்பட்டு, காங்கிரசை விட்டுவிட்டு ஏ. கிருஷ்ணசாமி என்ற சுயேச்சையைத் தேர்ந்தெடுத்தது. 1952இல் காமன்வீல் கட்சி சார்பில் காஞ்சிபுரம் உறுப்பினராக இருந்தவர் இவர். மத உரிமைகளில் பாகுபாடு குறித்து ஐக்கிய நாடுகள் அவைக்காக இவர் தயாரித்த ஆய்வறிக்கை 1960இல் வெளியானது. 1962இல் அளகேசனே மீண்டும் வென்றார். அனுப்பவும் திரும்ப அழைக்கவும் மீண்டும் அனுப்பவும் மக்களால் முடியும் என்பதற்கு இந்த மூன்று தேர்தல்களே போதும்.

1967, 1971 தேர்தல்களில் தி.மு.க.வின் சி. சிட்டிபாபு வென்றார். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், மிசா சட்டத்தில் கைது செய்யப்பட்டுச் சென்னை மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே கைதிகள் கடுமையாகத் தாக்கப்பட்டனர். 1977 ஜனவரியில் அவர் இறந்தார். அப்போதும் அவர்தான் செங்கல்பட்டின் உறுப்பினர். அந்தச் சிறையில் நடந்தவற்றைப் பின்னர் நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. நெருக்கடி நிலை என்ற பாடத்தை நடத்தும்போது எங்கோ தில்லியில் நடந்ததாகவே மாணவர்கள் கேட்கிறார்கள். லட்சக்கணக்கான மக்கள் தம் சார்பில் பேச அனுப்பியவர் சிறையில் அடிபட்டு இறந்தார், அந்த மக்கள் உங்கள் பாட்டன்மார்தான் என்று சொன்னால் பாடம் வேறாகிவிடுகிறது.

அதன்பின் அ.தி.மு.க., காங்கிரஸ், தி.மு.க., பா.ம.க. என்று பல கட்சிகளையும் இத்தொகுதி மாறிமாறி அனுப்பியது. கடைசி இரண்டு முறை, 1999இலும் 2004இலும், வென்றவர் பா.ம.க.வின் ஏ.கே. மூர்த்தி. இடையில் ரயில்வே இணை அமைச்சராகவும் இருந்தார். ரயில் சந்திப்பு நிலையமாக வளர்ந்த ஊர், முதல் உறுப்பினரும் கடைசி உறுப்பினரும் ரயில்வே அமைச்சகத்தில் இருந்த ஊர் என்று சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். இன்னொரு செய்தியும் உண்டு. இந்த 14 தேர்தல்களிலும் ஒரு பெண்கூட வெல்லவில்லை. காஞ்சிபுரம் தொகுதியில் சேர்ந்த பிறகு, 2014இல் அ.தி.மு.க.வின் கே. மரகதம் வென்றபோதுதான் இப்பகுதி மக்களுக்கு மக்களவையில் ஒரு பெண் பிரதிநிதி கிடைத்தார்.

இதற்கிடையே 1989இல் வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைந்தது. அரசியலமைப்பின் 61ஆவது திருத்தம் அது. நம் மேல்நிலைப் பள்ளிகளின் வாசலுக்கே வாக்குரிமை வந்து நின்றது என்று இதைச் சொல்வேன்.

பெயர் மறைந்த தொகுதி

2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மறுவரையறை ஆணையம், 2001 மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்தது. 2008இல் அந்த ஆணை நடைமுறைக்கு வந்தது. நாடாளுமன்றத்தில் செங்கல்பட்டு என்ற தொகுதிப் பெயர் மறைந்தது. 2009 தேர்தலில் இங்குள்ளவர்கள் காஞ்சிபுரம் தொகுதிக்கு வாக்களித்தார்கள். மாணவியின் அம்மா முதன்முதலாக நாடாளுமன்றத்துக்கு வாக்களித்தது அந்தத் தேர்தலில்தான். ஆயாவோ அதற்கு முந்தைய தேர்தல் வரை செங்கல்பட்டு வாக்காளர். வீடு நகரவில்லை, கோடு நகர்ந்தது.

இது நமக்கு மட்டும் நேர்வதல்ல. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சந்திக்கும் எல்லையில், டுவீட் ஆற்றின் கரையில் பெரிக் என்றொரு சிறு ஊர் உண்டு. இரண்டு நாடுகளும் பல முறை கைமாற்றிக்கொண்ட ஊர். 1482 முதல் ஆங்கிலேயர் வசம். நூற்றாண்டுகளாக அந்தச் சிற்றூர் மட்டுமே இரண்டு உறுப்பினர்களை லண்டனுக்கு அனுப்பிவந்தது. வாக்களித்தவர்களோ நகர உரிமை பெற்ற சில நூறு ஆண்கள். 1832 முதல் வாக்குரிமை மெல்ல மெல்ல விரிந்தது. 1885இல் இரண்டு இடம் ஒன்றானது. சுற்றியுள்ள நாட்டுப்புறமும் அதே தொகுதியில் சேர்ந்தது. 1973இல் அங்கே நடந்த இடைத்தேர்தலில் வெற்றி வித்தியாசம் 57 வாக்குகள் மட்டுமே. 2024இல் பெரிக் என்ற தொகுதிப் பெயரும் மறைந்து வடக்கு நார்தம்பர்லாந்து ஆயிற்று. தொகுதியின் பெயர் போனதில் அந்த ஊருக்கு வருத்தம் இருக்கலாம். ஆனால் ஆண்டுதோறும் வாக்குரிமை இல்லாமல் கிடந்த ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பெயர் இருந்த காலத்தைவிடப் பெயர் போன காலமே மேலானது. செங்கல்பட்டுக்கும் இதே அளவுகோலைத்தான் நான் வைக்கிறேன்.

இனி வரையப்படும் கோடு

ஒவ்வொரு மாநிலத்துக்கும் எத்தனை மக்களவை இடங்கள் என்பது 1971 மக்கள்தொகைக் கணக்கின் அடிப்படையில் 1976இல் 42ஆவது திருத்தத்தால் நிறுத்திவைக்கப்பட்டது. 84ஆவது திருத்தம் அதை, 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் விவரம் வெளியாகும்வரை நீட்டித்தது. தமிழ்நாட்டுக்கு 1967 முதல் 39 இடங்கள். அதற்கு முன் 41 இருந்தன. மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்ற 2023ஆம் ஆண்டின் 106ஆவது திருத்தமும் மறுவரையறையோடு இணைக்கப்பட்டது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலத்துக்கு இடம் குறையலாமா, ஒவ்வொரு வாக்கின் மதிப்பும் சமமாக இருக்க வேண்டாமா என்ற இரண்டு கேள்விகளும் நியாயமானவை. வகுப்பில் இரண்டு அணிகளாகப் பிரித்து வாதிட வைக்கலாம். தீர்ப்பு சொல்வது நம் வேலை அல்ல.

வகுப்பறையில் செய்தவை

ஒன்று, வாக்குக் கொடிவழி. தாளின் நடுவில் மாணவரின் பெயர். மேலே அம்மா, அப்பா, அவர்களுக்கு மேலே தாத்தா, ஆயா. ஒவ்வொருவருக்கும் பிறந்த ஆண்டு, முதலில் வாக்களித்த ஆண்டு, தொகுதி. மாணவருக்கு 18 வயது நிரம்பும் ஆண்டையும் குறிக்கச் சொல்லுங்கள். தாம் எப்போது வாக்காளர் ஆகப்போகிறோம் என்பதை அன்றுதான் பலர் கணக்குப் போட்டார்கள்.

இரண்டு, மாவட்ட வரைபடத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து மூன்று நாடாளுமன்றத் தொகுதிகளுக்கு மூன்று வண்ணம் தீட்டச் சொல்லலாம்.

மூன்று, ஒரே கேள்விக்கு இரண்டு வாக்கெடுப்பு. 'சிறப்பு வகுப்பைக் காலையில் வைக்கலாமா, மாலையில் வைக்கலாமா?' என்று கேட்டேன். முதல் சுற்றில் ஆறு பேருக்கு மட்டும் அட்டை கொடுத்தேன். தற்செயலாக ஆறு பேரும் பள்ளிக்குப் பக்கத்துத் தெருக்காரர்கள். மாலை என்று முடிவானது. கடற்கரை ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள், "டீச்சர், எங்க பஸ் போயிடும்!" என்று கத்தினார்கள். இரண்டாம் சுற்றில் எல்லோருக்கும் அட்டை. முடிவு மாறியது. வயது வந்தோர் வாக்குரிமைக்கு நான் தனியாக விளக்கம் சொல்லத் தேவை ஏற்படவில்லை.

வெற்றுத் தாள்

இப்போது அந்தத் தாள். கொடுத்தவன் ஓர் இருளர் குடும்பத்துப் பையன். ஏரிக்கரை ஓரம் குடிசை. பெற்றோர் வேலை கிடைக்கும் இடத்துக்குப் போய்ச் சில மாதம் தங்கிவிட்டு வருவார்கள். "எங்க வீட்ல யார்ட்டயும் ஓட்டு அட்டை இல்ல டீச்சர். என்ன எழுதறதுன்னு தெரியல" என்றான். அவன் குடும்பத்துக்கு 1952ஆம் ஆண்டு இன்னும் வரவில்லை என்று எனக்குத் தோன்றியது.

அந்தப் பகுதியின் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் பேசினேன். முகவரிச் சான்று இல்லை என்பதற்காக ஒருவரை ஒதுக்கத் தேவையில்லை. வீடற்றவர் படிவம் 6இல் குறிப்பிடும் இடத்தில்தான் இரவில் தங்குகிறாரா என்பதை அலுவலர் நேரில் சென்று உறுதி செய்தால் போதும். அவர் இரண்டு முறை போனார். முதல் முறை குடிசை பூட்டியிருந்தது. இரண்டாம் முறை அம்மா இருந்தார். சில மாதங்கள் கழித்து வந்த பட்டியலில் அம்மாவின் பெயர் இருந்தது. அப்பா செங்கல் சூளைக்குப் போயிருந்ததால் அவர் பெயர் இன்னும் ஏறவில்லை.

பையன் தன் பழைய தாளை வாங்கி, 'அம்மா – காஞ்சிபுரம்' என்று எழுதிக் கொடுத்தான்.

17 வயது நிரம்பியவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் தேதிகளும் இப்போது தகுதி நாள்கள். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள் இதை அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கலாம். மற்ற வகுப்பு ஆசிரியர்கள் வாக்குக் கொடிவழியைச் செய்துபாருங்கள். உங்கள் வகுப்பிலும் ஒரு வெற்றுத் தாள் வரலாம். வந்தால், மதிப்பெண் போடுவதற்கு முன் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.